என்ன எழுதியிருக்கான், மேம்?

"என்ன எழுதியிருக்கான், மேம்?" என்று அவர் கேட்டார். "நல்லா எழுதியிருக்கான். பிழை ரொம்பக் கம்மி" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கைபேசியை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த மகனின் தாளைப் படம் பிடித்துக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை இன்னும் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஆயாவும் தாத்தாவும் தமிழ் பேசுவார்கள். அப்பா அம்மாவுக்குக் காதில் விழுந்தால் பாதி விளங்கும், எழுத்து தெரியாது. பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், பேசுவதெல்லாம் இங்கிலீஷ்.

அந்தத் தவணைக்கு நான் எடுத்துக்கொண்டது, தலைவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள். நேருவில் தொடங்கினேன். 1928 கோடையில் இந்திரா முசௌரியில், அவர் அலகாபாத்தில். பத்து வயது மகளுக்கு, ஒரு கூழாங்கல் எப்படி உருண்டையாகிறது என்று எழுதுகிறார். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. அடுத்து மண்டேலா. 1969 ஜூனில் ரோபன் தீவுச் சிறையிலிருந்து ஸெனிக்கும் ஸிண்ட்ஸிக்கும் எழுதியது. ஒருத்திக்குப் பத்து வயது, இன்னொருத்திக்கு எட்டு. உங்கள் அம்மாவையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அப்பாவே எழுதவேண்டிய நிலைமை. அவர் எழுதிய பல கடிதங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. நோட்டில் படியெடுத்து வைத்திருந்ததால்தான் இன்றைக்கு நாம் வாசிக்கிறோம். வகுப்பு கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது. நான் சீக்கிரமே அதைக் கடந்துவிட்டேன்.

காந்தியிடம்தான் நின்றோம். அவர் குடியிருப்பு அமைத்த பீனிக்ஸ் நமக்குப் பக்கம், பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் பார்த்த இடம். 1909 மார்ச் 25, பிரிட்டோரியா சிறை. மாதத்துக்கு ஒரே ஒரு கடிதம் எழுதலாம். நண்பர்கள் ரிச்சுக்கா, போலக்குக்கா, உனக்கா என்று யோசித்து உன்னைத் தேர்ந்தெடுத்தேன் என்று பதினாறு வயது மகன் மணிலாலுக்கு எழுதுகிறார். அப்புறம் வேலைப் பட்டியல். தோட்டத்தில் தோண்டு, களை எடு. கருவிகளைச் சுத்தமாக அதனதன் இடத்தில் வை. வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுது. கணிதத்தையும் சமஸ்கிருதத்தையும் விடாதே. படிப்பு என்பது எழுத்தறிவு இல்லை, ஒழுக்கத்தை வளர்ப்பது. இனி நம் பங்கு வறுமைதான். தன்னைப் பற்றி எழுத அனுமதி இல்லை என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்.

மணிலாலாக இருந்து பதில் எழுதுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். பெரும்பாலான பதில்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: "அன்புள்ள அப்பா, நீங்கள் சொன்னபடி நடப்பேன்." இந்தப் பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்:

"அப்பா, கடிதம் கிடைத்தது. மண்வெட்டியைக் கழுவி வைத்தேன். கணக்கு எழுதினேன். அம்மா சவ்வரிசிக் கஞ்சி குடிக்கிறார். நீங்கள் எல்லாருக்காகவும் போனீர்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு எல்லாரையும் தெரியாது. எப்போது வருவீர்கள் என்று எழுதவில்லை. வந்தால் நான் தோட்டத்தில் இருப்பேன். கூப்பிட வேண்டாம்."

ஆண்டு விழாவில் பிள்ளைகள் எழுதியதைச் சுவரில் ஒட்டுவது வழக்கம். வகுப்பை நடத்தும் தாத்தா ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இதில் நின்றார். "இது காந்திக்கு எழுதினது இல்லைம்மா" என்றார். பையனின் அப்பாவுக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை. மாதக் கடைசியில் வந்தால் வந்தார், இல்லையென்றால் இல்லை. "விழாவுக்கு அந்தத் தம்பி வருவான். வேற தாளை ஒட்டு" என்றார் தாத்தா.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வகுப்பிலேயே நல்ல தமிழ் அதுதான். நாலு வரி "நடப்பேன் அப்பா" என்று எழுதியவனுக்குச் சுவர், உள்ளதைச் சொன்னவனுக்கு இடமில்லையா? பையனையே கேட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, "ஒட்டுங்க மேம். அப்பாவுக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே" என்றான்.

ஒட்டினேன். அப்பா வந்தார். கேட்டார். நான் பிழைகளைப் பற்றிச் சொன்னேன்.

அதே காந்தி கடிதத்தில் இன்னொரு இடம் உண்டு. பாடம் தயாரிக்கும்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நீங்கள் எழுதிய கடிதங்கள் சிறைக்கு வந்தது தெரியும், ஆனால் என்னிடம் கொடுக்கவில்லை, அம்மா தேறிவருகிறாள் என்று சிறையின் துணைக் கவர்னர் நல்ல மனதோடு சொன்னார் என்கிறார். அதாவது அதிகாரி கடிதத்தைக் கொடுக்காமல் சேதியை மட்டும் சொல்கிறார். நான் கடிதத்தைக் கண்ணெதிரே ஒட்டி வைத்துவிட்டுச் சேதியைச் சொல்லவில்லை. இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அதிகாரிக்காவது சிறை விதி இருந்தது.

ஆனால் நான் எப்படிச் சொல்லியிருப்பேன்? கையில் சமோசாத் தட்டோடு நிற்கிற மனிதரிடம், பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது, "உங்க பையன் கூப்பிட வேண்டாம்னு எழுதியிருக்கான்" என்றா? அது பையனின் கடிதம். கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் விஷயம். நேரு எழுதியவை மறு வருஷமே, 1929இல், புத்தகமாகிவிட்டன. பீனிக்ஸ் தோட்டத்துக்கு வந்த கடிதத்தை நூறு வருஷம் கழித்து நாம் வகுப்பில் வைத்துப் பிரிக்கிறோம். இந்தப் பிள்ளைகளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் கேட்டேன். அவன் சரி என்றான்.

அவன் சரி என்றது அப்பா வாசிக்கமாட்டார் என்ற தைரியத்தில். வாசிக்கமாட்டார் என்றா, இல்லை, யாராவது வாசித்துக் காட்டமாட்டார்களா என்றா? மறைக்க நினைக்கிற பையன் ஊர் கூடும் இடத்தில் ஒட்டச் சொல்வானா என்று தாத்தா கேட்கிறார். ஒட்டாதே என்று சொன்னதும் அவர்தான்!

சில சமயம் நாங்கள் இரண்டு பேருமே அளவுக்கு மீறி யோசிக்கிறோமோ என்றும் தோன்றும். அவன் நிஜமாகவே மணிலாலைத்தான் நினைத்து எழுதியிருக்கலாம். கெட்டிக்காரப் பையன். அண்ணன் ஹரிலால் 1911இல் அப்பாவை விட்டுப் பிரிந்து போனார் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அந்தக் கோபத்தைத் தம்பி வாயில் போட்டிருக்கலாம். மணிலால் அப்படிப் போகவில்லை. பீனிக்ஸிலேயே இருந்து, 1956இல் சாகும்வரை 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை நடத்தினார். தோட்டத்தில்தான் இருந்தார் என்றே சொல்லலாம். அப்படிப் பார்த்தால் பையனின் கடிதம் சரித்திரத்துக்கும் பொருந்துகிறது. இப்படி யோசிக்கும்போது கொஞ்சம் நிம்மதி. அப்புறம் "வாசிக்க வராதே" என்று அவன் சொன்ன விதம் ஞாபகம் வந்துவிடும்.

இந்த வருஷமும் கடிதப் பாடம் உண்டு. பதில் எழுதும் வீட்டுப்பாடத்தையும் நான் எடுக்கவில்லை. பையன் மேல் வகுப்பில் இருக்கிறான், நன்றாகப் படிக்கிறான். போன வாரம் மேசைகளை அடுக்கிக்கொண்டே தாத்தா கேட்டார்: "அவன் அப்பா மறுபடி கேட்டா என்னம்மா சொல்லுவே?"

"உங்க பையனையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கன்னு சொல்லுவேன்."

"அவன் வாசிக்கமாட்டான்" என்றார் தாத்தா. "இல்லேன்னா வேற எதையாவது வாசிச்சுக் காட்டிடுவான்."