தக்கலையில் ஓர் ஓவியக் கூடம்: நன்கொடை வாங்க நாங்கள் பட்ட பாடு

ஓவியக் கூடத்துக்காகத் தொடங்கிய அறக்கட்டளையின் பத்திரம் பதிவாகி, பான் அட்டை வந்து, வங்கிக் கணக்கு திறந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனையில் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. இன்று வரைகிற நம் பிள்ளைகளின் படங்களுக்கும் பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. டெல்லியில் 2010 முதல் நடக்கும் கிரண் நாடார் கலை அருங்காட்சியகமும், பெங்களூரில் 2023இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகமும் தனியார் கொடையில் எழுந்தவை. அங்கே கோடிகள். நமக்கு ஊர்க்காரர் காசு போதும் என்று இறங்கினோம்.

லண்டனில் டாக்டராக இருக்கும் குழித்துறைக்காரர் ஒருவர் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். வங்கிக் கவுண்டரில் கேட்டால், "என்.ஆர்.ஐ.தானே, அனுப்பச் சொல்லுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆடிட்டர்தான் பாஸ்போர்ட் நகல் கேட்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எப்.சி.ஆர்.ஏ.வின்படி அனுமதியில்லாமல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. முழுப் பதிவு வேண்டுமென்றால் அறக்கட்டளைக்கு மூன்று வயதாகி, அதற்குள் 15 லட்சம் செலவும் காட்டியிருக்க வேண்டும். போனில் சொன்னபோது, "அப்போ நான் நம்மூர்க்காரன் இல்லியா மக்கா?" என்றார். எனக்கு வாயில் பதில் வரவில்லை.

துபாய், மஸ்கட்டில் இந்திய பாஸ்போர்ட்டோடு இருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாகத் தரலாம். பணத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அடுத்தது 80ஜி, அதாவது நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க 1961 வருமான வரிச் சட்டத்தின்படி நாங்கள் வாங்க வேண்டியிருந்த பதிவு. படிவம் 10ஏ போட்டதும் தற்காலிகப் பதிவு கேள்வி கேட்காமல் வந்துவிட்டது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அதை முழுப் பதிவாக்கப் படிவம் 10ஏபி போட்ட பிறகுதான் பத்திரத்தை வரிவரியாகப் படித்தார்கள். அறக்கட்டளை கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் ஆரம்பத்திலேயே கேட்டேன். பத்திரம் எழுதியவர், "தொடங்கும்போதே கலைக்கிற பேச்சு எதுக்கு மக்களே" என்று விட்டுவிட்டார். வருமான வரித் துறை கேட்டது அந்த வரியைத்தான். நோக்கத்திலும் வெறுமனே "பொதுநலம்" என்று எழுதியிருந்தார். அந்தப் பிரிவில் போனால் படம் விற்று வரும் பணம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கலைமதிப்புள்ள பொருள்களைப் பாதுகாப்பது சட்டத்தில் தனி நோக்கம். அதை முதலில் எழுதுங்கள்.

பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் எங்களுக்கு இருந்ததால் கோர்ட்டுக்குப் போகாமல் தப்பித்தோம். ஆனால் திருத்தம் பதியப் போன நாளில், ஒரு டிரஸ்டியின் இனிஷியல் ஆதாரில் பெயருக்கு முன்னாலும் பத்திரத்தில் பின்னாலும் இருந்தது. கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளைத் தள்ளிவிட்டார். அந்தப் பெரியவர் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். நடுங்கும் கையால் தாள்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் கவரில் திரும்ப வைத்ததைப் பார்த்து எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

நன்கொடையாளர்களிடம் முதலிலேயே சொல்ல வேண்டியவை சில உண்டு. ஓவியர்கள் படமாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது, பணத்துக்கு மட்டும்தான். ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜியால் பயனே இல்லை. மாதச் சம்பளக்காரர் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகும் கொடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு என் கும்பிடு.

ஒருவழியாக 80ஜி ஆணை வந்துவிட்டது. நன்கொடையாளர் வரிச் சலுகை கேட்கக் காட்டும் 10பிஇ சான்றிதழில் முதலாவதை நாகர்கோவில் ஜவுளிக்கடை அண்ணாச்சி கையில் கொடுத்தோம். லண்டன் டாக்டரின் தொகைக்கு மட்டும் உள்துறை அமைச்சகத்தில் முன் அனுமதி கேட்க வழி இருக்கிறது. எவ்வளவு, எதற்கு என்று அவர் எழுதித் தர வேண்டிய உறுதிக் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. இந்த வாரம் விண்ணப்பிக்கிறோம்.