"ஒரு நிமிஷம் பேசலாமா?"

இப்படி ஒரு வரியை சாட்டில் தட்டிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். எனக்கு மாலை ஆறு மணி. வேறொரு நாட்டிலிருந்து என் குழுவில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கோ இரவு பத்தரை. மறுநாள் வீடியோ அழைப்பில் வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. வேலை போகப்போகிறது என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். நான் கேட்க நினைத்தது, வியாழக்கிழமை சாஃப்ட்வேர் ரிலீஸை வெள்ளிக்குத் தள்ளலாமா என்று.

அலுவலகத்தில் இதையே ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்தாலே சின்ன விஷயம்தான் என்று தெரிந்துவிடும். சாட்டில் முகம் ஏது? அன்றிலிருந்து, என்ன விஷயம், எப்போது பதில் வேண்டும் இரண்டையும் முதல் செய்தியிலேயே எழுதிவிடுகிறேன். "அவசரமில்லை" என்பதையும் சேர்த்து.

குழுவை நடத்தும் பொறுப்புக்கு வந்த புதிதில் இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். சாட்டில் யார் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எரிந்தால் வேலை நடக்கிறது என்று கணக்கு. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு மூன்று நாளும் புள்ளி அணையவே இல்லை. எனக்கு நிம்மதி. நான்காம் நாள்தான் தெரிந்தது, எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் சர்வருக்கு அனுமதி கிடைக்காமல் முதல் நாளே மனிதர் மாட்டிக்கொண்டிருக்கிறார். கேட்கக் கூச்சம். பக்கத்து மேசையில் இருந்திருந்தால் அவர் விட்ட பெருமூச்சே எனக்குக் கேட்டிருக்கும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களிடம் இதைத்தான் அளந்து பார்த்தார். மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது. 50 மீட்டர் தாண்டினாலே வாரம் ஒருமுறை பேசுவதுகூட அபூர்வம். எங்களுக்கு நடுவே கடல்.

இப்போது தினமும் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "எங்கே மாட்டியிருக்கிறது?" முதல் வாரம் எல்லோரும் "ஒன்றுமில்லை" என்றே எழுதினார்கள். சரி, நானே ஆரம்பிப்போம் என்று, "பட்ஜெட் ஷீட்டில் ஒரு ஃபார்முலா வராமல் இரண்டு மணி நேரமாக முழிக்கிறேன்" என்று போட்டேன். பத்தே நிமிஷத்தில் மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள். மறுநாள் அந்தப் புதியவரும் இரண்டு வரி எழுதியிருந்தார்.

அப்புறம் இந்தக் கடிகாரத் தொல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி நேரத்தை மாற்றுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு, இந்தியாவில் மாற்றுவதே இல்லை. நடுவில் வரும் அந்த இரண்டு மூன்று வாரம், யாராவது ஒருவர் ஆளில்லாத அழைப்பில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

வாராந்திரக் கூட்டம் எப்போதும் ஒரே ஆளுக்கு நடுராத்திரியில் விழுந்துகொண்டிருந்தது. அதை மாதாமாதம் மாற்றி வைத்தோம். என் முறை வந்தபோது, ராத்திரி பதினொன்றரைக்குக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, எழுதி அனுப்பியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் படித்து முடிக்கக்கூடிய விஷயத்தை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசியதில் பாதி என் குரல்தான்.

அந்த மாதமே இரண்டு கூட்டங்களை ரத்து செய்தேன். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.