முதல் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: .22 போதும்

டெக்சாஸில் குடியேறி அண்மையில் கிரீன் கார்டு பெற்ற என் அண்ணன் மகன், இலக்கு பார்த்துச் சுடும் பொழுதுபோக்குக்காக முதல் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறான். அந்நாட்டில் பல ஆண்டுகள் சுட்டுப் பழகிவிட்டு இப்போது குன்னூரில் வசிக்கும் நான், அவனுக்குச் சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் அங்கே துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வகை ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குதிரையை, அதாவது அடித்து வெடிக்கவைக்கும் பின்புறச் சுத்தியலை, கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசைக்கு அதை விடுவிக்கும் வேலை மட்டுமே இருப்பதால், அது இலேசாகவும் குறைந்த தூரமும் நகர்கிறது. இலக்குச் சுடுதலுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை என்பது என் கருத்து.

எல்லோருக்கும் 1873-ஆம் ஆண்டின் .45 கோல்ட் ரிவால்வர் மீதுதான் ஆசை (.45, .22 போன்றவை ஏறத்தாழ அங்குலத்தில் தோட்டாவின் விட்டம்). நம் குன்னூருக்கு அருகிலுள்ள அருவங்காட்டில் தயாராகும் புகையில்லா வெடிமருந்து பரவுவதற்கு முந்தைய, கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கி அது. அழகானதுதான், ஆனால் அதன் உதைப்பை எதிர்பார்த்து, தோட்டா புறப்படும் முன்னரே கை துள்ளுவது புதியவருக்குப் பழகிவிட்டால் போக்குவது கடினம். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சிறு தோட்டாவில் உதைப்பு மிகக் குறைவு, விலையும் குறைவு. ஆகவே நிறையச் சுட்டுப் பழகலாம்.

நான் மிகவும் வலியுறுத்துவது டிரான்ஸ்ஃபர் பார் என்ற பாதுகாப்பு அமைப்பை. பழைய கோல்ட் அமைப்பில், குதிரை இறங்கிய நிலையில் அதன் ஊசி தோட்டாவின் மீதே படிந்திருக்கும் என்பதால், துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். அதனால்தான் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் குதிரையை இறக்கி வைப்பார்கள். 1973-இல் ரூகர் நிறுவனம் கொண்டுவந்த புதிய மாடல்களில், விசையை அழுத்திப் பிடித்தால்தான் குதிரைக்கும் ஊசிக்கும் இடையே ஒரு சிறு உலோகத் தகடு எழுந்து அடியைக் கடத்தும். பழைய ரூகர் கைக்கு வந்தால் துப்பாக்கியின் உலோகச் சட்டகத்தின் பக்கவாட்டைப் பாருங்கள்: மூன்று திருகுகள் தெரிந்தால் அது பழைய மாடல். தகடு பின்னர் பொருத்தப்பட்டிருந்தாலன்றி அதில் ஐந்து தோட்டாக்களே.

விலை குறைந்த ஹெரிடேஜ் ரஃப் ரைடரும் ரூகர் ராங்லரும் மோசமில்லை. ஆனால் அவற்றின் வழக்கமான மாடல்களில் குறிமுனை (குறிபார்க்கும் அமைப்பு) அசையாதது, தோட்டாக்கள் இடப்பக்கமே விழுந்தால் திருகிச் சரிசெய்ய வழியில்லை. இலக்குச் சுடுதலே நோக்கம் என்பதால், திருத்தக்கூடிய குறிமுனையுள்ள ரூகரின் சிங்கிள் சிக்ஸையோ 2023-இல் வந்த சூப்பர் ராங்லரையோ வாங்கச் சொன்னேன். மேக்னம் எனும் வலுவான .22 தோட்டாவுக்கான இரண்டாவது சிலிண்டர் (தோட்டா அறைகள் கொண்ட உருளை) உடன் வந்தால், அதில் சாதாரண எல்.ஆர். தோட்டாவைப் போடவே கூடாது. அறை அகலமானதால் தோட்டாக்கூடு பிளந்துவிடும்.

சுடும்போது சிலிண்டரும் குழலும் சேரும் இடைவெளியில் சூடான வாயு பீறிடும் என்பதால், விரல்கள் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம். குதிரை விழுந்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே 30 விநாடிகள் பிடித்திருக்க வேண்டும்.

நீலகிரியிலிருந்து இதே ஆர்வத்தோடு கேட்கும் நண்பர்களுக்கு என் பரிந்துரை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெறுவது எளிதன்று. 20 ஜூல் ஆற்றலுக்கு மிகாத .177 ஏர் பிஸ்டலுக்கோ உரிமம் தேவையில்லை. பார்வையையும் விசை விரலையும் பழக்க அதுவே போதுமானது.