காலையில் கிரிமினாலஜி, ராத்திரியில் சோசியாலஜி

"ஒரே சமயத்துல ரெண்டு டிகிரியா? செல்லாதும்மா."

என் டிசியைக் கையில் வைத்துக்கொண்டு கிளார்க் சொன்ன முதல் வார்த்தை இது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 ஏப்ரலிலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதி கொடுத்துவிட்டது. ஒன்று நேரடி வகுப்பு, மற்றது தொலைநிலை என்றால் தடையே இல்லை. அந்த உத்தரவை பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "எங்களுக்கு சர்க்குலர் வரலையே" என்றார். மூன்று நடை நடந்தபிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது. யாராவது இந்த வழியில் வருவதாக இருந்தால், ஒரிஜினல்களை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிசி ஒன்றுதான், கேட்பவர்கள் இரண்டு பேர்.

எம்.ஏ. கிரிமினாலஜி (குற்றவியல்) நேரடி வகுப்பில், எம்.ஏ. சோசியாலஜி (சமூகவியல்) தொலைநிலையில். பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. இரண்டு பாடமும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வில் தனித்தனியாக இருக்கின்றன, ஒன்று கைவிட்டால் இன்னொன்று என்று ஒரு கணக்கு. பி.ஏ.வில் நான் வரலாறு, அதனால் இரண்டுமே எனக்குப் புதிது.

முதல் செமஸ்டரில் லாபம் என்றுதான் தோன்றியது. சமூகவியலாளர் துர்கைம் இங்கேயும் வருகிறார், அங்கேயும் வருகிறார். இன்னொரு சமூகவியலாளர் மெர்ட்டன் 1938-இல் எழுதியதை, அதாவது ஆசையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டு அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைக்கும் சமூகம் பற்றிய அந்த வாதத்தை, ஒரே நோட்டில் எழுதி இரண்டு இடத்திலும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பரீட்சையில் அடி விழுந்தது. திருட்டைத் தடுக்கும் முறைகளை விளக்குக என்ற கேள்விக்கு, எதைத் திருட்டு என்று சட்டம் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரே வரி: 'கேள்விக்குப் பதில் எங்கே?'

இரண்டும் அண்ணன் தம்பி பாடங்கள் இல்லை, பங்காளிகள் என்பது அப்போது உறைத்தது.

பங்காளிச் சண்டை முற்றியது மூன்றாம் செமஸ்டரில். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கு நன்னடத்தை அலுவலர் தயாரிக்கிற சமூக விசாரணை அறிக்கையை எழுதிப் பழகும் வகுப்பு. உண்மையான அறிக்கைகள் ரகசியம், மாணவர் கண்ணில் காட்ட மாட்டார்கள். வெற்றுப் படிவமும் ஒரு கற்பனை வழக்கும் கொடுத்தார் சார். பதினாறு வயதுப் பையன், பைக் திருட்டு. குடும்பம், பள்ளி, நண்பர்கள், பழக்கவழக்கம் எல்லாம் நிரப்பிவிட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'கெட்ட சகவாசம்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டே வார்த்தை.

அன்று ராத்திரி சோசியாலஜி புத்தகத்தில் ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்க அறிஞர். செயலில் மட்டும் குற்றம் இல்லை, அதைப் பார்த்து ஊர் ஒட்டுகிற பெயரிலும் இருக்கிறது என்பது அவர் கட்சி. எனக்குத் தூக்கம் போனது. மறுநாள் வகுப்பில் எழுந்து, "சார், கெட்டவங்கன்னு முடிவு பண்ணது யாரு?" என்றேன். சார் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விம்மா. ஆனா நாளைக்கு இளைஞர் நீதிக் குழுமத்துல இந்தப் பையன் நிப்பான். அவங்க கையில உன் பேப்பர் இருக்கும். அதுல என்ன எழுதியிருக்கணும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வழக்கை மறுபடி படித்தேன். இரண்டாம் பத்தியில் ஒரு வரி: வண்டியை அவன் விற்கவில்லை, பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டு ரோட்டோரம் விட்டுப் போயிருக்கிறான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மெக்கானிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வண்டியைத் துடைக்கிறவன். இதை ஒரு பக்கம் எழுதி, மறுபடி பள்ளியில் சேர்க்க வழி உண்டா என்றும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு படிப்பும் ஒரே தாளில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

புள்ளிவிவரமும் அப்படியே. நாடு முழுக்க குற்றக் கணக்கு வெளியிடும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்சிஆர்பி) அறிக்கையில், ஒரு எஃப்ஐஆரில் பல குற்றம் இருந்தால் மிகக் கொடிய ஒன்றைத்தான் எண்ணுவார்கள். வழிப்பறி செய்து கொலையும் செய்தால் அது கொலைக் கணக்கு, வழிப்பறி காணாமல் போய்விடும். ஸ்டேஷன் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை. கிரிமினாலஜி இந்த அட்டவணையைப் படிக்கக் கற்றுத்தந்தது, சோசியாலஜி சந்தேகப்படக் கற்றுத்தந்தது.

லீவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது, லாம்ப்ரோசோவைப் பற்றி அப்பத்தாவிடம் சொன்னேன். 1876-இல் இத்தாலியில் ஒரு டாக்டர், தாடையையும் மண்டையையும் வைத்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்றார் என்று. வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டது. "அவன் மண்டைய அளந்தான். நம்ம ஊர்ல அளக்கவே இல்லையேத்தா, சாதியச் சொன்னாப் போதும். எங்கய்யா ராத்திரியானா போலீஸ் கச்சேரியிலதான் போய்ப் படுக்கணும், கைரேக வைக்கணும்."

சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது, 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்து நின்ற, எங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. 1947-இல் இங்கே ரத்து, மறு வருடமே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த வேறொரு சட்டம். தேதிகளெல்லாம் பி.ஏ.விலேயே மனப்பாடம் செய்தவை. அப்பத்தா தன் அய்யாவைச் சொன்னபிறகு அதே பக்கங்களைத் திறக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆய்வேட்டுக்கு அதையே எடுக்கச் சொன்னார்கள் தோழிகள். எடுக்கவில்லை. வீட்டுக் கதையை வைத்து மார்க் வாங்க மனசு வரவில்லை. என்சிஆர்பி எண்ணும் முறையையே எடுத்துக்கொண்டேன்.

நேரம்தான் பெரிய பாடு. தொலைநிலைத் தேர்வும் செமஸ்டர் தேர்வும் டிசம்பரில் மோதிக்கொள்ளும். காலை பத்து மணிக்கு ஒன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு ஊரில் இன்னொன்று என்று ஒருமுறை பஸ்ஸில் ஓடி, இருபது நிமிடம் பிந்திப் போய் உட்கார்ந்தேன். அதற்குப்பின் டிசம்பரில் இரண்டு தாள் மட்டும், மிச்சம் ஜூனுக்கு என்று பிரித்துவிட்டேன். அசைன்மென்ட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் கை ஒடியும், எல்லாம் கையெழுத்தில்தான் வேண்டும் என்றார்கள்.

கிரிமினாலஜி முடிந்து மார்க் ஷீட்டும் வந்துவிட்டது. சோசியாலஜியில் இன்னும் ஒரு தாள் பாக்கி, ஜூனில் எழுத வேண்டும். ஹால் டிக்கெட்டில் என் இனிஷியல் தப்பாக வந்திருக்கிறது. திங்கட்கிழமை திரும்பவும் அதே கிளார்க்கைப் பார்க்கப் போகிறேன்.