அம்மாவோட கடவாப்பல்லும் பொண்ணோட கடவாப்பல்லும்

போன மாசம் அம்மாவுக்கு கீழ்வரிசையில ஒரு கடவாப்பல்ல எடுத்தாங்க. அதுல சொத்தை ஒரு பொட்டு கூட இல்ல. டாக்டர் பஞ்சுல வெச்சு காட்டினப்போ கிட்ட போய் பாத்தேன், பல்லு முழுசா இருக்கு, ஆனா வேரை சுத்தி கருப்பும் பழுப்புமா காரை, சட்டியில அடிப்பிடிச்ச மாதிரி ஒட்டிட்டு இருக்கு. "பல்லு நல்லாத்தான் இருக்கு சார், அது நிக்க வேண்டிய எலும்புதான் கரைஞ்சு போச்சு"ன்னு சொன்னாங்க. அந்த வார்த்தை இன்னும் மனச விட்டு போகல, அதான் எழுதறேன்.

அம்மாவுக்கு 62 வயசு, சுகர் இருக்கு. "பல்லு விளக்கறப்போ ரத்தம் வருதுடா"ன்னு ரெண்டு மூணு வருஷமாவே சொல்லிட்டு இருந்தாங்க. நான் நெல்லிக்காய் சாப்பிடும்மான்னு சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பிட்டேன். அவங்க என்ன பண்ணாங்கன்னா ரத்தம் வர்ற எடத்துல பிரஷ் படாம பாத்துக்கிட்டாங்க, அப்புறம் பிரஷையே விட்டுட்டு விரல்ல பல்பொடி தொட்டு தேய்க்க ஆரம்பிச்சாங்க. அங்கதான் தப்பு நடந்திருக்கு. ரத்தம் வந்தா அந்த எடத்துல அழுக்கு தங்கி ஈறு வீங்கி இருக்குன்னு அர்த்தம், அங்கதான் சாஃப்ட் பிரஷ்ஷால பொறுமையா தேய்க்கணும். ஒதுங்கிப் போனா இன்னும்தான் சேரும்.

ஒரு தடவை க்ளீனிங் கூட்டிட்டு போறேன்னு கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்கா "வேணாம்மா, மெஷின் வெச்சா பல்லெல்லாம் ஆடிடும், எனக்கு அப்படித்தான் ஆச்சு"ன்னு சொல்ல அம்மா வரவே மாட்டேன்னுட்டாங்க. சென்னையில பாதி வீட்டுல இதைத்தான் சொல்றாங்க. அந்த அக்கா பொய் சொல்லல, அவங்களுக்கு நிஜமாவே ஆடினது தெரிஞ்சிருக்கும். விஷயம் என்னன்னா, பல்லு மேல தினம் படியற வழவழப்பை அப்படியே விட்டா எச்சில்ல இருக்கற கால்சியம் சேர்ந்து அது கல்லு மாதிரி இறுகிடும், அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. அது ஈறுக்கு அடியில எறங்கி எலும்பை கரைக்க வைக்கும், ஆனா அந்த கல்லே சிமெண்ட் மாதிரி பல்லையெல்லாம் சேர்த்து பிடிச்சிட்டு இருக்கறதால ஆட்டம் வெளிய தெரியாது. க்ளீனிங்ல கல்லை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் தெரியுது, மூடியிருந்த இடைவெளி தெரியுது, கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். பழி மட்டும் மெஷின் மேல. அந்த மெஷின் அதிர்வுலயும் தண்ணிலயும் கல்லை ஒடைச்சு எடுக்குதே தவிர எனாமலை சுரண்டறதில்ல.

இந்த ஈறு நோய்ல கொடுமை என்னன்னா பெருசா வலிக்கவே வலிக்காது. சொத்தையாவது கடைசியில நரம்பை தொட்டு ராத்திரி தூங்க விடாம பண்ணும், நாமளும் ஓடிடுவோம், ஈறு நோய் சத்தமே இல்லாம வேலைய முடிச்சிடும். வெறும் வீக்கமா இருக்கறப்போ பாத்தா ஈறு பழையபடி ஆயிடும், எலும்பு போனா போனதுதான். சுகர் இருக்கறவங்களுக்கு இது சீக்கிரம் முத்தும், ஈறுல இன்ஃபெக்ஷன் இருந்தா சுகரும் கட்டுக்குள்ள வராம தள்ளாடும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்து விடும். வீட்டுல சுகர்காரங்க இருந்தா தயவு செஞ்சு பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. கையில காசு டைட்டுன்னா கோட்டை ரயில்வே ஸ்டேஷன் கிட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 1953ல இருந்து நடக்குது, காலையிலயே போயிடுங்க.

அம்மாவோட மீதி பல்லுக்கு ரெண்டு சிட்டிங்ல ஆழமா க்ளீன் பண்ணாங்க, இனி 3 மாசத்துக்கு ஒரு தடவை வரணும்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது தடவை போறப்போ என் பொண்ணையும் கூட்டிட்டு போனேன், 6 வயசு முடிஞ்சுது. டாக்டர் அவ வாயை பாத்துட்டு "கடைசியில புதுசா முளைச்சிருக்கே, பாத்தீங்களா?"ன்னு கேட்டாங்க. பாத்தோம், ஆனா எந்த பல்லும் விழாம பின்னாடி முளைச்சதால அதுவும் பால் பல்லுன்னுதான் நானும் வீட்டுக்காரியும் நினைச்சிருந்தோம். இல்லியாம், பால் பல்லு மொத்தம் 20, அதுக்கு பின்னாடி 6 வயசு வாக்குல வர்ற நாலு கடவாப்பல்லும் நிரந்தரம், போச்சுன்னா வேற வராது. மேல பள்ளம் பள்ளமா இருக்கறதால பிரஷ் நுனி உள்ள போகாம சீக்கிரம் சொத்தை விழறதும் அதுலதான். பள்ளத்தை அடைச்சு ஒரு கோட்டிங் போட்டாங்க, ஊசி இல்ல, வலி இல்ல, அவ கார்ட்டூன் பாத்துட்டே படுத்திருந்தா.

அப்புறம் ஒரு கலர் மருந்தை தடவி வாய் கொப்பளிக்க சொன்னாங்க. அழுக்கு இருக்கற எடம் மட்டும் ரோஸ் கலர்ல நிக்கும். காலைல நல்லா விளக்கிட்டு வந்த பொண்ணு, ஆனா ஈறும் பல்லும் சேர்ற ஓரம் பூரா ரோஸ், கீழ்ப்பல்லுல நாக்கு பக்கம் ஒரே ரோஸ். நடுவுல மட்டும் பளபளன்னு வெள்ளை. நாம தேய்க்கறது எல்லாம் சிரிச்சா தெரியற எடத்தை மட்டும்தான். பிரஷ்ஷை ஈறு பக்கம் கொஞ்சம் சாய்ச்சு சின்ன சின்ன வட்டமா, அழுத்தாம, 2 நிமிஷம். அழுத்தி தேய்ச்சா ஈறுதான் எறங்கும்.

ராத்திரி பிரஷ் பண்றது எங்க வீட்டுல வழக்கமே இல்ல, இப்போ கட்டாயம் ஆக்கிட்டேன். தூங்கறப்போ எச்சில் ரொம்ப குறைஞ்சிடும், வாயை கழுவி விடறது அந்த எச்சில்தானே, அதனால பல்லுல ஒட்டின பிஸ்கட்டும் பால்ல போட்ட சர்க்கரையும் விடிய விடிய அங்கயே கெடக்கும். விளக்கிட்டு துப்பினா போதும், சொம்பு தண்ணிய ஊத்தி கொப்பளிக்காதீங்க, பேஸ்ட்ல இருக்கற ஃப்ளோரைடு கொஞ்ச நேரம் பல்லு மேல நிக்கணும். பேஸ்ட் அட்டையில ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) வாக்குல போட்டிருக்கான்னு பாருங்க, மூலிகை பேஸ்ட் நிறையத்துல அது இருக்கறதே இல்ல. ஃப்ளோரைடு விஷம்னு ஃபார்வர்டு வருது இல்ல, தர்மபுரி பக்கம் பல்லு பழுப்பா இருக்கறது பல்லு உருவாகற வயசுல குடிச்ச நிலத்தடி தண்ணியால, துப்பற பேஸ்ட்டால இல்ல. குழந்தைங்க முழுங்கிடுவாங்கன்னா 3 வயசு வரை அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு, அவ்வளவுதான்.

டீ விஷயத்துல நானே மாறிட்டேன். கிண்டில ஆபீஸ், நாளைக்கு அஞ்சு டீ, அஞ்சும் சர்க்கரையோட. ஒவ்வொரு தடவை சர்க்கரை உள்ள போறப்பவும் வாயில இருக்கற பாக்டீரியா ஆசிட் விடும், அது அடங்க அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள அடுத்த டீ. மொத்தம் எவ்ளோ சர்க்கரைங்கறதை விட எத்தனை தடவைங்கறதுதான் பல்லுக்கு கணக்கு. இப்போ ரெண்டு டீ, அதுவும் சாப்பாட்டோட ஒட்டி.

அம்மா இப்போ பல்லுக்கு நடுவுல விடற குட்டி பிரஷ்ஷை கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொரு சந்தா விடறாங்க, பக்கத்துல ஸ்டூல் போட்டு பொண்ணு. முந்தாநேத்து துப்பிட்டு வாஷ்பேசினையே பாத்துட்டு நின்னாங்க, "இன்னிக்கு ரத்தமே வரலடா"ன்னாங்க. எனக்கு 38 வயசு, இதுவரை ஒரு க்ளீனிங் கூட பண்ணினதில்ல. சனிக்கிழமை 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு, அந்த பக்கத்து வீட்டு அக்காவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க.