நடுவில் காணாத மரங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி வழியாகக் காவிரிக்கு இறங்கும் தொட்டஹல்லா ஆற்றின் கரையில் நீர்மருதுகள் நிற்கின்றன. கன்னடம் பேசும் ஊர்க்காரர்கள் மத்தி என்பார்கள். வனக்காப்பாளராக அந்தக் கரையில் நடந்த ஆண்டுகளில், மூன்று பேர் கைகோத்தாலும் பிடிபடாத அந்த மரங்கள் எனக்கு வீட்டுப் பெரியவர்களைப் போல ஆகிவிட்டன. வெளிறிய பட்டை ஏடு ஏடாக உரியும். வெள்ளம் மண்ணை அரித்த இடத்தில் வேர்கள் முழங்கால் உயரத்துக்குப் புடைத்து நின்று கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளைகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் சாம்பல் நிற மலை அணில் தரையில் கால் வைக்காமலே வெகுதூரம் போய்விடும். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, இனி இந்த மரங்களுக்குக் கவலையில்லை என்று மனதார மகிழ்ந்தேன். கோடரி ஒன்றுதான் எதிரி என்று நினைத்திருந்த காலம் அது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் ஆற்று மணலைத் தோண்டினாலும் ஈரம் தட்டவில்லை. அந்த நாட்களில் என்னோடு நடந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த இருளர் பெரியவர். ஒரு மருதின் அடியில் நின்று, "கிழவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் சார், பிள்ளைகளைத்தான் காணோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை ஆண்டுகளாக நாடாவைச் சுற்றி அளந்து, பெருமரங்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படிவத்தில் கன்றுகளுக்குக் கட்டம் இல்லை. நானும் குனிந்து பார்க்கவில்லை.

அன்று அந்தக் கரையில் ஒரு கிலோமீட்டர் தூரம் தேடினோம். பெருமரங்கள் இருந்தன. இடுப்பளவுப் பருமனில் சில. மணிக்கட்டுப் பருமனில் ஒன்றுகூட இல்லை.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், குளிர்நாடுகளின் பழங்காடுகளைப் பற்றி ஓர் ஆய்வாளர் பேசினார். அமெரிக்காவின் மேற்கில், 200 ஆண்டுகளைத் தாண்டிய காடுகளில் 76 இடங்களைக் குறித்து வைத்து, அதே மரங்களைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார்கள். 2009-இல் முடிவு வெளியானது. மரங்கள் சாகும் வேகம் 17 முதல் 29 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது. சிறியது பெரியது, இந்த வகை அந்த வகை என்ற வேறுபாடு இல்லை. புதிதாக முளைத்து வருபவை அந்த அளவுக்குக் கூடவுமில்லை. வெப்பம் ஏறி, மரத்துக்குக் கிடைக்கும் நீர் குறைந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் காடு அதே காடாகத்தான் தெரிந்திருக்கும். எண்ணியவர்களுக்குத்தான் தெரிந்தது.

அந்த வகுப்பில் கேட்ட இன்னொன்றை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அலாஸ்காக் கரையில் மஞ்சள் சீடர் என்றொரு மரம்; ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதன் வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே ஓடுகின்றன. குளிர்காலத்தில் தரையில் படியும் பனி கம்பளி போல அவற்றை மூடிக் காக்கும். வெப்பம் கூடியதும் பனி குறைந்தது, கம்பளி போயிற்று. பின்பனிக் காலத்தில் திடீரென வரும் கடுங்குளிரில் வேர்கள் உறைந்து, நின்ற நிலையிலேயே மரங்கள் செத்தன. உலகம் சூடானதால் குளிரில் இறந்த மரம்! பருவங்கள் வரும் ஒழுங்கு கலைந்தாலே போதும், ஒரு மரத்தைக் கொல்ல.

தொட்டஹல்லாவை அதன் பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன். நீர்மருதுக் காய்க்கு ஐந்து சிறகுகள். கையில் எடுத்தால் மரத்துண்டு போலக் கெட்டியாக இருக்கும். கோடையில் காய்கள் மணலில் உதிர்ந்து கிடக்கும். அவை ஊறி முளைக்க இதமான மழை வேண்டும். முளைத்தது வேர் பிடிக்க அடுத்தடுத்து ஈரம் வேண்டும். நான் கண்ட பிற்கால ஆண்டுகளில் மழை வாரக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு, ஓர் இரவில் கொட்டித் தீர்த்தது. காலையில் போனால் மணல் வழித்துவிட்டது போலக் கிடக்கும். முளை விட்டவை எல்லாம் காவிரிக்குப் போயிருக்கும். பட்டி மாடுகளும் கன்றுகளைக் கடித்தன. அதையும் சொல்ல வேண்டும். பழியெல்லாம் வானத்தின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. ஆனால் மாடுகள் அந்தக் கரையில் தலைமுறைகளாக மேய்ந்தவை. அப்போதும் கன்றுகள் பிழைத்து மரமாகியிருக்கின்றன. அவற்றைத்தானே நான் அளந்துகொண்டிருந்தேன்.

நிற்கிற பெருமரம் பழைய மழையில் வளர்ந்தது. ஆழத்தில் வேர்விட்டு இரண்டு மூன்று பஞ்சங்களைத் தாங்கிவிடும். இன்றைய மழையைச் சொல்வது முழங்காலுக்குக் கீழே இருக்கும் கன்றுதான். பணியின் கடைசி ஆண்டுகளில் சொந்தமாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, அந்த ஒரு கிலோமீட்டரில் ஜூன் தோறும் கன்றுகளை எண்ணினேன். எந்த ஆண்டும் ஒரு பக்கம் நிறையவில்லை.

ஓய்வு பெற்றபோது அந்த நோட்டை, புதிதாக வந்திருந்த வனக்காப்பாளர் பெண்ணிடம் கொடுத்தேன். எதற்கு, என்ன என்று அவர் கேட்கவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு என்னுடன் கரைக்கு வந்தார். போன ஜூனில் தொலைபேசியில் கூப்பிட்டார். நான்கு கன்றுகள், ஒரே மடுவின் ஓரத்தில், சாய்ந்து கிடந்த ஒரு கிழட்டு மருதின் வேருக்குள் என்றார். சுற்றிலும் முள் வைத்துவிட்டேன், ஆகஸ்டில் மறுபடியும் போய் எண்ணுகிறேன் ஐயா என்றார்.