தத்துவ ஆய்விதழுக்கு எழுதுமுன்: திரும்பி வந்த என் முதல் கட்டுரை

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், சிதறால் மலையில், பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் உண்டு. சின்ன வயதில் அங்கே ஏறித் திரிந்தவள் நான். முனைவர் பட்டத்துக்குச் சமணர்களின் ஸ்யாத்வாதத்தை எடுத்ததற்கு அந்த மலையும் ஒரு காரணம். 'ஒரு வகையில் உண்டு', 'ஒரு வகையில் இல்லை' என்று எதையும் ஏழு விதமாகச் சொல்லலாம் என்பது அந்தக் கொள்கை.

ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே, 12,000 சொற்களாக, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளரிடம் போகாமலே திரும்பிவிட்டது. இரண்டு நாள் அழுதேன். நாகர்கோவிலில் என் நெறியாளர் முழுதும் படித்துவிட்டு, "மக்கா, இதுல முக்கால்வாசி மத்தவங்க சொன்னது. உன் வாதம் எங்க கிடக்கு?" என்றார். தேடினோம். இரண்டே பத்திகள். ஸ்யாத்வாதம் முரண்பாட்டில் முடிகிறது என்பது சங்கரர் காலத்துக் குற்றச்சாட்டு. அதைப் புதுப்பித்த ஒரு கட்டுரைக்கு என் மறுப்பு அது.

"அப்போ இது விவாதக் குறிப்பு" என்றார். அப்படி ஒரு வகை இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முழு ஆய்வுக் கட்டுரைக்குப் பல இதழ்கள் 8,000 முதல் 10,000 சொற்கள் வரை இடம் தருகின்றன. அதில் நம்முடைய நிலைப்பாடும், அதற்கு வரக்கூடிய எதிர்ப்புகளும், பதில்களும் வேண்டும். விவாதக் குறிப்புக்கு ஒரே வாதம் போதும். சிறியது என்று தாழ்வாக நினைக்காதீர்கள். 'அனாலிசிஸ்' என்ற ஆங்கிலத் தத்துவ இதழ் குறுங்கட்டுரைகளுக்கே பேர்போனது. 'தக்க காரணத்தோடு நம்புவது உண்மையாகவும் இருந்தால் அதுதான் அறிவா?' என்று கேட்டு எட்மண்ட் கெட்டியர் என்ற தத்துவவாதி 1963இல் அதில் எழுதியது மூன்றே பக்கம். அறிவைப் பற்றிய விவாதம் அதன் பிறகு திசை மாறியது.

நூல் மதிப்புரையையும், ஒரு நூலோடு நீளமாக வாதாடும் திறனாய்வையும் பெரும்பாலும் இதழே கேட்டு வாங்கும். எழுதி முடித்து அனுப்பாமல், முதலில் இதழின் மதிப்புரைப் பகுதியைக் கவனிக்கும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு பற்றி எழுதலாமா என்று சாமித்தோப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டார். தாராளமாக எழுதலாம். ஆனால் நூலின் சுருக்கம் தத்துவக் கட்டுரை ஆகாது. அதில் வரும் கலி என்ற கருத்து தீமையைப் பற்றி என்ன வாதிக்கிறது, அந்த வாதம் நிற்குமா என்று கேட்டால் ஆகும்.

அப்புறம், மறுப்பு எழுதினால் மூலக் கட்டுரை வந்த இதழுக்கே முதலில் அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன். 3,000 சொற்கள், இரண்டு முறை திருத்தம், கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்.